கொங்குப் பக்கம் புதுசா குடிவந்திருக்கீங்களா? சூறக்காத்து மழைக்கு இப்படி ரெடியாகுங்க

பனியன் கம்பெனி வேலைக்குன்னு திருப்பூர் வந்தவங்க, மாத்தலாகி கோயமுத்தூர் வந்தவங்க, கல்யாணம் கட்டி ஈரோடு பக்கம் வந்த புள்ளைங்க, எல்லாரு வாயிலயும் நான் கேட்டது ஒரே வார்த்தைதான். "இங்கென்னங்க, கடலா இருக்குது புயல் வர்றதுக்கு?" அந்த நெனப்போட வாடகை வீடு பாத்து, அந்த நெனப்போடயே ஓடைக்கரையில வீடு புடிச்சு, மழை வந்த அன்னைக்கு ராத்திரி குழந்தையைத் தூக்கிட்டு எங்க போறதுன்னு தெரியாம நின்னவங்களை நான் பாத்திருக்கறேன், அதுக்காகத்தான் இதை எழுதறனுங்க.

கடல் இல்லைங்கறது நெசம். ஆனா 2018 நவம்பர் 16 விடியறதுக்கு முந்தி வேதாரண்யம் பக்கம் உள்ள நொழைஞ்ச கஜா புயல் திண்டுக்கல் மாவட்டம் வழியாத்தான் கேரளாவுக்குப் போச்சு, நமக்குத் தெக்கால ஒரு எட்டுதான். 2024 நவம்பர் 30 ராத்திரி பெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்துல கரையைக் கடந்துச்சு, முடிஞ்சுதுன்னு எல்லாரும் நெனச்சதுக்கப்புறம், கடலே பாக்காத கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில ஒரே நாள்ல 50 செ.மீ கொட்டிட்டுப் போச்சு. கோயமுத்தூர்ல ஒரு வருசம் முச்சூடும் பெய்யறதே சுமாரா 60, 70 செ.மீதான்னு தெரிஞ்சா அந்த 50 எவ்வளவுன்னு புரியும்.

எப்ப வரும், எங்கிருந்து வரும்

மூணு காலம் இருக்குங்க. வேசகாலம், சித்திரை வைகாசி, மத்தியானம் வரைக்கும் வெக்கை ஆள சுட்டெரிக்கும், மூணு மணி வாக்குல காத்து அப்படியே நின்னுரும், வேப்பமரத்துல ஒரு இலை அசையாது, அப்புறம் ஒரு பக்கமா கறுத்துட்டு மண் வாசத்தோட சில்லுனு ஒரு காத்து வந்து மூஞ்சியில அடிக்கும். நல்லாருக்குதுன்னு மொட்டை மாடியில நிக்கறவங்க இருக்காங்க, தயவுசெஞ்சு கீழ எறங்கிருங்க, அந்த சில்லுனு காத்துக்குப் பின்னாடியே சூறக்காத்தும் இடியும் வருது, சில நேரம் அஞ்சு நிமிசம்கூட இருக்காது. மொத்தமே அரை மணி நேரம்தான் அடிக்கும். கோபி, சத்தியமங்கலம், அந்தியூர் பக்கம் குலை தள்ளுன வாழை காடு காடா சாயறது அந்த அரை மணி நேரத்துலதான்.

ஆடிக்காத்து வேற மாதிரி. பாலக்காட்டுக் கணவாய் வழியா நாள் கணக்குல விடாம வீசும், அதனாலதான் பல்லடம் உடுமலைப் பக்கம் கரண்டு எடுக்கற காத்தாடி அத்தனை நட்டு வெச்சிருக்காங்க. அது ஒரே அடியா எதையும் புடுங்காது, தகரத்தையும் போர்டையும் ஆட்டி ஆட்டி ஆணியைக் கழட்டி வைக்கும். ஆனா அதே சமயத்துல நீலகிரி மேல பேய் மழை பெய்யும் பாருங்க, அதை மறந்துராதீங்க. 2019 ஆகஸ்ட் 8ஆம் தேதி அவலாஞ்சியில ஒரே நாள்ல 82 செ.மீ பதிவாச்சு. அங்க பெய்யறது குந்தா ஆத்துல எறங்கி பில்லூர் அணைக்கு வரும், பில்லூர் ரொம்பி தொறந்து விட்டாங்கன்னா மேட்டுப்பாளையத்துல பவானி பொங்கும். நம்ம தலைக்கு மேல வானம் வெளுத்துக் கெடக்கும், ஆத்துல தண்ணி ஏறிட்டே இருக்கும். அதே மாதிரி மேட்டூர் 120 அடி ரொம்பி உபரித் தண்ணி தொறந்தா பவானி, குமாரபாளையம், பள்ளிபாளையம், ஈரோடு கருங்கல்பாளையம் கரையோரத்துல இருக்கறவங்க சாமானை எடுத்து வைக்கோணும். மழை பெஞ்சது கர்நாடகாவா இருக்கும்.

மூணாவது ஐப்பசி கார்த்திகை. ராத்திரி ராத்திரியா பெய்யற மழை, மண்ணு நல்லா ஊறிப் போயிருக்கும். சுவர் விழறதும் ஓடை ஒடைக்கறதும் இந்தக் காலத்துலதான் அதிகம்.

முதல் வேலை: வெயில் நாள்ல ஒரு நடை

வீட்டைச் சுத்தி அரை கிலோமீட்டர் நடந்து பாருங்க, ஞாயித்துக்கிழமை காலையில, குழந்தைகளையும் கூட்டிட்டு. வெளியூர்க்காரங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லித் தரோணும், "பள்ளம்"னு இங்க சொன்னா குழி இல்லைங்க, மழைக்கு மட்டும் தண்ணி ஓடற ஓடை. கோயமுத்தூர்ல சங்கனூர் பள்ளம், ஈரோட்டுல பெரும்பள்ளம், அந்தியூர்ல வரட்டுப்பள்ளம், பேர்லயே தண்ணி வழி இருக்குது. பதினோரு மாசம் காஞ்சு, சீமைக்கருவேலம் மொளச்சு, குப்பை கொட்டற எடமாட்ட இருக்கும், புரோக்கர் "ஆத்தோரம் இல்லைங்க, சும்மா வண்டிப்பாதை"ம்பார். 2011 நவம்பர்ல திருப்பூர்ல நொய்யலும் ஓடைகளும் ஒரே ராத்திரியில பொங்குனப்ப கரையில இருந்த குடும்பங்கதான் மாட்டுனது. அதே மாதிரி இட்டேரி, ரெண்டு பக்கமும் கிழுவ வேலி போட்டு நடுவுல போற பழைய தடம், பக்கத்துக் காட்டை விட அது தாழ்வா இருக்கும், பெருமழைக்கு அதுவே வாய்க்காலா ஓடும். உங்க லேஅவுட் ரோடு பழைய இட்டேரி மேல போட்டதான்னு கேட்டுக்கோங்க.

யாரைக் கேக்கறது? ஊர்ல இருக்கற வயசானவங்களைத்தான். நான் இப்ப இருக்கற வளவுக்கு வந்த புதுசுல பக்கத்து வீட்டு அப்பாரு ஒருத்தரை "ஏனுங்க, இங்கெல்லாம் தண்ணி வருங்களா?"ன்னு கேட்டேன். அவரு ஒண்ணும் சொல்லாம எந்திரிச்சு வந்து அவரு வீட்டுத் திண்ணைத் தூணைக் காட்டுனாரு, சுண்ணாம்புக்குக் கீழ முட்டி உயரத்துல ஒரு செம்மண் கோடு, எத்தனை தடவை வெள்ளை அடிச்சும் மங்கலா தெரியுது. "அது வரைக்கும் வந்துச்சு கண்ணு, நீ அட்டாலியில வெக்கறதை வெச்சுக்கோ"ன்னாரு. அன்னைக்கு சாயங்காலமே அரிசி டின்னையும் பீரோ கீழ்த்தட்டுல இருந்த துணியையும் அட்டாலியில, அதான் பரண்ல, ஏத்துனேன். அந்தக் கோடு உங்க தெருவுலயும் எங்கயாவது இருக்கும், கேட்டாத்தான் காட்டுவாங்க.

நடக்கறப்பவே மேட்டுக்குப் போறதுக்கு தரைப்பாலம் தாண்டாத ஒரு வழி பாத்து வெச்சுக்கோங்க, ஸ்கூலு, மண்டபம், கோயில் எது மேட்டுல இருக்குதுன்னும் பாத்துக்கோங்க.

கூரை

லைன் வீடு, சாளை (தோட்டத்து வீடு), தறிப்பட்டறை, பாதிக்கு மேல சிமெண்ட் அட்டைதான். அட்டை தானா ஒடையறது கம்மி, காத்து அடியில பூந்து தூக்கித்தான் பறக்குது. புடிச்சு வெச்சிருக்கறது கொக்கியாட்ட வளைஞ்ச ஜே போல்ட்டு மட்டும்தான். நாங்க முன்ன வாடகைக்கு இருந்த வீட்டுல ஒரு வைகாசி மாசம் சமையல்கட்டு அட்டை ரெண்டு போயி பக்கத்துக் காட்டுல விழுந்துச்சு, நல்ல வேளை அங்க ஆளு இல்ல. அடுத்த நாள் ஏணி வெச்சு ஏறி மிச்சம் இருந்த போல்ட்டைத் தொட்டுப் பாத்தேன், நட்டு வெரல்ல மாவா உதிருது, வாஷர் வெயில்ல காஞ்சு பிஸ்கட்டாட்ட ஒடையுது. மாத்தறதுக்கு ஆன செலவை விட அட்டைக்கு ஆன செலவு பல மடங்கு. அதனால மாசி மாசத்துலயே ஒரு ஆளைக் கூப்புட்டு போல்ட்டு முச்சூடும் பாக்கச் சொல்லுங்க, வீட்டுக்காரர்கிட்ட கூச்சப்படாம கேளுங்க, அவரு சொத்துதான அது. அட்டை மேல கால் வெக்காம பலகை போட்டு ஏறச் சொல்லுங்க, ஓரத்து வரிசை போல்ட்டுதான் முக்கியம், காத்து பூர்றது அங்கதான்.

கூரை மேல கல்லு, ஹாலோபிளாக்கு தூக்கி வெக்கற பழக்கம் நெறைய பேருக்கு இருக்குது, வேண்டாங்க. அட்டை ஒடைஞ்சா அந்தக் கல்லு படுத்திருக்கறவங்க மேலதான் விழும். மண்ணு மூட்டை வெச்சு, குறுக்கால ஒரு ஜிஐ பைப்பு போட்டு சுவத்தோட கம்பி கட்டிட்டா நிக்கும்.

மாடி வீட்டுக்காரங்க வேற ஒண்ணு பாக்கோணும். ஆயிரம் சதுர அடி மொட்டை மாடியில 10 செ.மீ மழை பெஞ்சா 9,000 லிட்டருக்கு மேல தண்ணி, எடை 9 டன். அது எறங்கறது ரெண்டு பைப்பு ஓட்டை வழியா. அதுல ஒரு வேப்பங்கொத்தோ பால் கவரோ அடைச்சா போதும். மழைக்கு முந்தி கையை விட்டு சுத்தம் பண்ணுங்க. தொட்டிச் செடி, துணி ஸ்டேண்டு, காலி டேங்க்கு, பழைய கதவு எல்லாம் கீழ எறக்குங்க, ஓவர்டேங்க்கை மட்டும் ரொப்பி வெய்யுங்க, ரொம்புன டேங்க்கு பறக்காது, கரண்டு போனாலும் தண்ணி இருக்கும்.

சுவரு

இதை எல்லாத்தையும் விட கொஞ்சம் நின்னு படிங்க. 2019 டிசம்பர் 2ஆம் தேதி விடியக்காலையில மேட்டுப்பாளையம் நடூர்ல ஒரு காம்பவுண்டு சுவர் பக்கத்துல இருந்த வீடுக மேல விழுந்து 17 பேர் செத்துப் போனாங்க, தூங்கிட்டு இருந்தவங்க. புயலும் இல்ல காத்தும் இல்ல, தொடர்ந்து பெஞ்ச மழைதான். உயரமான சுவத்துக்கு அந்தப் பக்கம் மண்ணு ஊறி தள்ளும், தண்ணி வடியறதுக்கு ஓட்டை இல்லைன்னா சுவரு தாங்காது. உங்க வீட்டை ஒட்டி இன்னொருத்தர் சுவர் இருக்குதா? அந்தப் பக்கம் மண்ணு இந்தப் பக்கத்தை விட மேடா? சுவர் வயிறு தள்ளிட்டு நிக்குதா, நெடுக விரிசல் விட்டிருக்குதா, அடியில ஈரம் கசியுதா? ஒண்ணு ஆமான்னாலும் மழைக்கால ராத்திரி அந்தப் பக்க ரூம்புல படுக்காதீங்க. விஏஓகிட்டயும் பஞ்சாயத்து இல்லைன்னா மாநகராட்சி ஆபீசுலயும் எழுதிக் குடுங்க, போட்டோவோட, ஒரு காப்பி உங்ககிட்ட இருக்கட்டும்.

கரண்டு

கம்பம், டிரான்ஸ்பார்மர் பக்கத்துல மரக்கெளை ஒரசுனா நீங்களா வெட்டப் போகாதீங்க, ஈபி புகார் சொல்ற மின்னகம் நம்பர் 94987 94987, அங்க சொல்லிப் பதிஞ்சு வெய்யுங்க. வீட்டுல கசிவு கரண்டு வந்தா தானா கட்டாகற ஆர்சிசிபி இருக்குதான்னு பாருங்க, அதுல டெஸ்ட் பட்டன் ஒண்ணு இருக்கும், அமுத்துனா விழுகோணும், விழலைன்னா அது பொம்மை.

தண்ணி வீட்டுக்குள்ள வர்ற மாதிரி இருந்தா பிளக் பாயிண்டைத் தொடறதுக்கு முந்தியே மெயினை ஆப் பண்ணுங்க. இதுல எல்லாரும் மறக்கறது இன்வெர்ட்டரை. ஈபி கரண்டு போயிருந்தாலும் இன்வெர்ட்டர் ஓடிட்டு இருந்தா ஒயர்ல உசுரு இருக்குது, அதையும் ஆப் பண்ணோணும். கீழ் பார்க்கிங்ல சார்ஜ் போட்டிருக்கற பேட்டரி வண்டி இருந்தா கழட்டி மேட்டுல கொண்டு போயி நிறுத்துங்க.

கம்பி அறுந்து கெடந்தா அது செத்த கம்பின்னு முடிவு பண்ண உங்களுக்கும் எனக்கும் வழி இல்ல. பத்து மீட்டர் தள்ளி நின்னு மத்தவங்களை நிறுத்துங்க, 1912 இல்லைன்னா மின்னகத்துக்கு அடிங்க. நம்ம பக்கம் தோட்டத்தைச் சுத்தி கம்பி வேலி இருக்கறதால ஒரு எடத்துல லைன் விழுந்தா வேலி நெடுக கரண்டு பாயும், நாலு காடு தள்ளி அந்த வேலியைத் தொட்ட ஆடும் சாகும். துணி காயப்போடறதுக்கு இரும்புக் கம்பி கட்டியிருந்தா இன்னைக்கே கழட்டிட்டு நைலான் கயிறு கட்டுங்க. ஈபி கம்பத்தைச் சாய்வா இழுத்துக் கட்டியிருக்கற ஸ்டே கம்பியில மாட்டைக் கட்டறதை ஊர்க்காரங்களே பண்றாங்க, நீங்க பண்ணாதீங்க.

தோட்டத்துல குடியிருக்கறவங்க

தென்னைக்கு நடுவுல சாளை இருந்தா மரம் ஏறறவரை வேசகாலத்துக்கு முன்னயே சொல்லி வெச்சுக்கோங்க, மேகம் கறுத்ததுக்கப்புறம் கூப்புட்டா ஆள் கெடைக்காது. காஞ்ச மட்டை, முத்துன காயி, பாளை எல்லாம் எறக்கிரோணும். கூரை மேல சாஞ்சு நிக்கற மரம் இருந்தா அந்த ராத்திரி வேற எடத்துல படுங்க, அவ்வளவுதான்.

வாழைக்காரங்களுக்கு நான் சொல்லித் தர ஒண்ணுமில்ல, ஆனா புதுசா குத்தகைக்கு எடுத்தவங்களுக்கு: குலை தள்ளுனதும் சவுக்குக் கம்பு முட்டுக் குடுங்க, செலவுதான், ஆனா ஓரத்து ரெண்டு வரிசைக்காச்சும் குடுங்க, அது தாங்குனா உள்ள இருக்கறதுக்கு அடி கம்மி. பயிர் இன்சூரன்ஸ் கட்டியிருந்தா சேதம் ஆன 72 மணி நேரத்துக்குள்ள தகவல் சொல்லோணும், 14447ங்கற நம்பர்ல சொல்லலாம். சாஞ்ச வாழையை வெட்டி ஒதுக்கறதுக்கு முந்தி போட்டோ எடுங்க.

மாடு கன்னு கட்டுத்தறியில கட்டியிருந்தா தண்ணி ஏறற எடமா இருந்தா மேட்டுக்கு ஓட்டிருங்க, ஓட்ட முடியலைன்னா கயித்தை அவுத்தாச்சும் விடுங்க, அவுத்து விட்ட மாடு நீந்திப் பொழைச்சுக்கும். புளியமரத்தடியில கட்டிட்டு வரவே வேண்டாம், இடி விழறதுக்கு தனி மரம்தான் மொதல்ல. தறிப்பட்டறைக்காரங்க பாவு, நூல் மூட்டை, பீஸ் ரோல் எல்லாம் தரையில இருந்து ரெண்டு அடி ஒசத்தி பலகை மேல வெய்யுங்க.

எச்சரிக்கை வந்த அன்னைக்கு

கனமழைன்னு சொன்னா 7 முதல் 11 செ.மீ, மிக கனமழைன்னா 12 முதல் 20, அதுக்கு மேல அதி கனமழை. ஆரஞ்சு அலர்ட்டுன்னா தயாரா இருங்கன்னு அர்த்தம், ரெட்டுன்னா இப்பவே வேலையில எறங்குங்கன்னு அர்த்தம். போன்ல டிஎன் அலர்ட் ஆப்பும், இடிக்கு தாமினி ஆப்பும் ஏத்தி வெச்சுக்கோங்க. வாட்ஸப்புல வர்ற "இன்னும் ரெண்டு மணி நேரத்துல அணை ஒடையும்" மாதிரி வாய்ஸ் நோட்டை அனுப்பாதீங்க, மாவட்டக் கண்ட்ரோல் ரூம் 1077, அங்க கேளுங்க. ஆம்புலன்சுக்கு 108, எல்லா அவசரத்துக்கும் 112.

போன், பவர் பேங்க், டார்ச்சு சார்ஜ். நல்ல தண்ணி ரெண்டு நாளைக்கு. அது ஏன்னா இங்க பைப்புத் தண்ணியே சில ஏரியாவுல வாரத்துக்கு ஒரு தடவைதான், பம்ப்பிங் நின்னா இன்னும் தள்ளிப் போகும், போர்த் தண்ணி உப்பு. சுகர் மாத்திரை, பிரஷர் மாத்திரை, குழந்தைக்கு பால் பவுடர், சானிட்டரி நாப்கின். ஆதார், ரேசன் கார்டு, சர்டிபிகேட்டு ஒரு பிளாஸ்டிக் கவர்ல போட்டு ஒரு பையில. நெறைமாசக்காரங்க, டயாலிசிஸ் போறவங்க வீட்டுல இருந்தா முந்தின நாளே ஆஸ்பத்திரி இருக்கற பக்கமா சொந்தக்காரங்க வீட்டுக்குத் தாட்டி விட்டுருங்க.

இன்னொண்ணுங்க. உங்க லைன்லயே ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் பசங்க பத்துப் பேரு ஒரு ரூம்புல இருப்பாங்க, தமிழ்ல வர்ற எஸ்எம்எஸ்ஸும் ஆட்டோவுல மைக் போட்டு சொல்றதும் அவங்களுக்குப் புரியாது. நைட் ஷிப்ட் முடிச்சுட்டு வந்து பகல்ல தூங்கிட்டு இருப்பாங்க. கதவைத் தட்டி எழுப்பி, தெரிஞ்ச ஹிந்தியில, இல்லைன்னா கையால காட்டியாச்சும், எங்க போகோணும்னு சொல்லுங்க.

அடிக்கறப்ப

மின்னலைப் பாத்ததும் எண்ணுங்க. மூணு செகண்டுக்கு ஒரு கிலோமீட்டர். முப்பது எண்ணறதுக்குள்ள இடி கேட்டுச்சுன்னா உள்ள போயிரோணும், கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழிச்சுத்தான் வெளிய வரோணும். காட்டுல மாட்டிக்கிட்டா தனி மரத்தடி, கம்பி வேலி, கெணத்து மோட்டார் செட்டு, தண்ணி பாஞ்ச வயல் எல்லாத்தையும் விட்டு விலகி, தாழ்வான எடத்துல காலைச் சேத்து குத்த வெச்சு உக்காருங்க, படுக்காதீங்க. இடி விழுந்தவங்களைத் தொட்டா கரண்டு அடிக்காது, அது தப்பான நெனப்பு, மூச்சு இல்லைன்னா உடனே நெஞ்சை அமுத்தி 108க்கு அடிங்க.

ரோட்டுல இருந்தீங்கன்னா கோயமுத்தூர்ல லங்கா கார்னர், சிவானந்தா காலனி மாதிரி ரயில்வே பாலத்துக்கு அடியில போகவே போகாதீங்க, தண்ணி எவ்வளவு ஆழம்னு மேல இருந்து தெரியாது. கிராமத்துப் பக்கம் தரைப்பாலம். முட்டிக்குக் கீழதான ஓடுதுன்னு பைக்கை விடறவங்க எல்லாருமே அந்த ரோட்டை தெனமும் ஓட்டற ஆளுகதான். அரை அடி வேகமா ஓடற தண்ணி ஆளைத் தள்ளும், ஒரு அடி சின்னக் காரை மெதக்க விடும். நீங்க திரும்பிப் போனா அரை மணி நேரம் லேட்டு, வீட்டுல திட்டு வாங்கிக்கலாம்.

நின்னதுக்கப்புறம்

தண்ணி வடிஞ்ச வீட்டுல மெயினைப் போடறதுக்கு முந்தி எலக்ட்ரீசியன் பாக்கட்டும். சம்ப்புக்குள்ள வெள்ளத்தண்ணி பூந்திருந்தா முழுசா எறச்சு கழுவி ரொப்புங்க, அது வரைக்கும் காச்சுன தண்ணிதான் குடிக்கோணும். சேத்துல நடந்து கால்ல புண்ணு ஆனவங்க, ரெண்டு நாள் கழிச்சு காச்சல் வந்தவங்க ஆரம்ப சுகாதார நிலையத்துல வெள்ளத்தண்ணியில நின்னதை மறக்காம சொல்லுங்க, எலிக்காச்சலுக்கு அதை வெச்சுத்தான் பாப்பாங்க. வீடோ மாடோ போயிருந்தா ஒதுக்கறதுக்கு முந்தி போட்டோ, அப்புறம் விஏஓ. மாடு செத்திருந்தா அரசு கால்நடை டாக்டர் பாத்து எழுதிக் குடுத்தாத்தான் நிவாரணம், பொதைச்சுட்டு போயி கேட்டா கெடைக்காது.

அப்புறம் வெயில் வந்துரும், துணியெல்லாம் காயும், ரோட்டுல கூட்டம் வரும், குழந்தைக வெளாடப் போகும். ஊறுன மண்சுவரும் ஹாலோபிளாக் காம்பவுண்டும் மழை நின்னு ரெண்டு மூணு நாள் கழிச்சுக்கூட விழும். அது வரைக்கும் குழந்தைகளை அந்தப் பக்கம் வெளாட விடாதீங்க, கட்டிலை மறுபக்கம் தள்ளிப் போடுங்க.